சிட்னியில் புதுக்குடித்தனம்: வீட்டைச் சுற்றியுள்ள நச்சுச் சிலந்திகளை அறிந்து விலகும் முறை

சிட்னிக்கு வந்து வாடகை வீட்டுச் சாவியைக் கையில் வாங்கியதுமே சிலந்திகளைப் பற்றி இரண்டு விதமான அறிவுரைகள் தாமாகவே வந்து சேரும். இந்த நாட்டில் எதைத் தொட்டாலும் விஷம் என்பார் ஒருவர். பதினைந்து ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன், ஒன்றையும் கண்டதில்லை என்பார் மற்றொருவர். இரண்டாமவர் பெரும்பாலும் தோட்டத்தில் கை வைக்காதவராக இருப்பார். உண்மையில் சிட்னி வீடுகளில் கண்ணில் படும் பலவகைச் சிலந்திகளுள், உயிருக்கோ உடல்நலத்துக்கோ கேடு செய்யக்கூடியவை என்று நாம் முகம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டே இரண்டு: ரெட்பேக் எனப்படும் செம்முதுகுச் சிலந்தி, ஃபனல்வெப் எனப்படும் புனல்வலைச் சிலந்தி.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதாகிவிடும். ரெட்பேக் தன் வலையை விட்டு நகராது. நம் கைதான் அதன் இடத்துக்குப் போகிறது. ஃபனல்வெப்பில் ஆபத்தான ஆண் சிலந்தியோ, பெண்ணைத் தேடி இரவில் நடந்து நம் இடத்துக்கு வருகிறது. ஆகவே முன்னதைத் தவிர்க்கக் கை வைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பின்னதைத் தவிர்க்கக் கால் வைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். கடித்தபின் செய்யும் முதலுதவியும் நேர் எதிரானது. ஒன்றுக்குக் கட்டுப் போடவே கூடாது. மற்றொன்றுக்கு உடனே கட்டுப் போட்டாக வேண்டும்.

அச்சத்தை அளவோடு வைத்துக்கொள்ள ஒரு கணக்கு. 1927 முதல் 1980 வரையிலான காலத்தில் சிட்னி ஃபனல்வெப் கடித்து 13 பேர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. 1981-இல் மருத்துவர் ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் தலைமையில் உருவான விஷமுறிவு மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின் ஒருவரும் இறக்கவில்லை. ரெட்பேக்குக்கான மருந்து அதற்கும் முன்னதாக, 1956-இலேயே வந்துவிட்டது. ஆக, நாம் செய்ய வேண்டியது கடிபடாமல் இருப்பதும், தப்பித்தவறிக் கடிபட்டால் அரை மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பதும்தான்.

முதல் வேலை: குடியிருக்கும் பகுதியைத் தெரிந்துகொள்ளுதல்

ரெட்பேக்குக்கு இடம் பொருள் கிடையாது. வெயில் படும், மழை நேரடியாக விழாத, ஆள் அதிகம் தொடாத மூலை எங்கிருந்தாலும் அது வந்து குடியேறும். வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில், பிளாக்டவுன் என்று நம்மவர்கள் செறிந்து வாழும் மேற்குப் புறநகர்களில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் இதைத்தான்.

ஃபனல்வெப்புக்கு ஈரமும் நிழலும் வேண்டும். வடக்கே நியூகாசில் தொடங்கித் தெற்கே நவ்ரா வரையிலும், மேற்கே புளூ மவுண்டன்ஸ் எனப்படும் நீலமலையைத் தாண்டி லித்கோ வரையிலும் அது பரவியிருந்தாலும், மணற்கல் பாறைகளும் யூகலிப்டஸ் காடுகளும் குடியிருப்புகளை ஒட்டியே கிடக்கும், நார்த் ஷோர் எனப்படும் வடகரைப் பகுதி, ஹார்ன்ஸ்பி வட்டாரம், தெற்கே சதர்லேண்ட் வட்டாரம், நீலமலை ஆகிய இடங்களில்தான் வீட்டுக்குள் வருவதை அதிகம் காணலாம். இத்தனை காலமும் ஒரே இனம் என்று கருதப்பட்டதை 2025 ஜனவரியில் ஆய்வாளர்கள் மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். நியூகாசில் பக்கத்தில் இருப்பதுதான் உருவில் பெரியது. வீட்டுக்காரருக்கு இந்தப் பிரிவினையால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை, ஏனெனில் மூன்றுக்கும் ஒரே மருந்து, ஒரே முதலுதவி.

உங்கள் வீட்டுப் பின்புறம் காட்டையோ ஓடையையோ ஒட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் நெடுங்காலமாக இருப்பவரிடம், "இங்கே ஃபனல்வெப் வருமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். வீட்டுத் தரகர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

ரெட்பேக்: கை போகும் இடத்தில் காத்திருப்பது

பெண் ரெட்பேக்கின் உடல் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் இருக்கும். பெரிய பட்டாணி ஒன்றுக்கு மெல்லிய கால்கள் முளைத்ததுபோல. வயிறு உருண்டையாக, வெல்வெட் போன்ற கறுப்பு நிறத்தில் இருக்கும். அதன் மேல்பக்கத்தில் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்று நீளவாக்கில் ஓடும். சிலவற்றில் அந்தப் பட்டை இடையில் அறுபட்டிருக்கும்; இளம் சிலந்திகளில் வெண்ணிறப் புள்ளிகளும் கோடுகளும் கலந்திருக்கும். அடிப்பக்கத்தில் உடுக்கை வடிவில் ஒரு சிவப்புக் குறி உண்டு. ஆண் மிகச் சிறியது, 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சிலந்தியைப் பார்ப்பதற்கு முன்பே வலையைப் பார்த்து அடையாளம் சொல்லிவிடலாம். வட்டமாக, அழகாகப் பின்னிய வலை என்றால் அது ரெட்பேக் அல்ல. இதன் வலை மேலே தாறுமாறான சிக்கலாகவும், அங்கிருந்து தரையை நோக்கி நேராக இழுத்துக் கட்டிய பசை நூல்களாகவும் இருக்கும். அந்த நூல்களின் அடியில் எறும்புகளின் ஓடுகளும் வண்டுகளின் சிறகுகளும் சிதறிக் கிடக்கும். உள்ளே வெளிர்மஞ்சள் நிறத்தில், பஞ்சுருண்டை போல முட்டைப்பைகள் தொங்கினால் ஐயமே வேண்டாம். ஒரு பையில் சராசரியாக 250 முட்டைகள் இருக்கும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு குப்பைத்தொட்டி. வென்ட்வொர்த்வில்லில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டில், மஞ்சள் மூடி போட்ட மறுசுழற்சித் தொட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெருவோரம் இழுத்து வைப்பது என் பொறுப்பு. ஒரு நாள் இருட்டில் கைப்பிடியைப் பற்றியபோது விரலில் ஏதோ நூல் பட்டு, படபடவென்று அறுந்தது. சாதாரண ஒட்டடை பட்டால் கையில் ஒட்டிக்கொள்ளுமே தவிர ஓசை வராது. ரெட்பேக்கின் நூல் அவ்வளவு முறுக்கானது. கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால், கைப்பிடியின் உள்மடிப்பில், நான் விரல் வைத்த இடத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளி அது ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. கடிக்கவில்லை. ஆனால் அன்றுமுதல் தொட்டியைக் காலால் ஓர் உதை உதைத்து, கைப்பிடியின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன்.

கை வைக்குமுன் பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்: தபால்பெட்டியின் உட்புறம், வெளியில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளின் இருக்கை அடி, பார்பெக்யூ அடுப்பின் மூடிக்குக் கீழே, மின்மீட்டர் பெட்டி, தோட்டக் குழாயின் திருகு, டிராம்போலின் விளிம்பு, மாதக்கணக்கில் ஓட்டாத குழந்தைகளின் மிதிவண்டி, தலைக்கவசம். நம் வீடுகளுக்கே உரிய ஓர் இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறிவேப்பிலை, கற்பூரவல்லி, மஞ்சள் என்று தொட்டிகளில் வளர்க்கிறோம். குளிர்காலம் வந்தால் அவற்றைச் சுவரோரமாக நெருக்கி வைத்துவிடுகிறோம். தொட்டியின் விளிம்புக்கு அடியிலுள்ள வளைவு ரெட்பேக்குக்கு அளவெடுத்துத் தைத்த வீடு. தொட்டியைத் தூக்கும்போது எல்லோரும் விரலை வைப்பதும் அதே வளைவில்தான்.

ஆகவே தோட்டத்தில் எதைத் தூக்குவதாக இருந்தாலும் தடித்த கையுறை அணியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒட்டடைக்குச்சியோ பழைய துடைப்பமோ எடுத்து நாற்காலி அடிகளையும் தொட்டி விளிம்புகளையும் ஒரு சுற்றுத் துழாவி விடுங்கள். வலை கலைந்துகொண்டே இருக்கும் இடத்தில் அது நிலைத்துத் தங்காது. சிலந்தியைக் கொன்றுவிட்டு முட்டைப்பையை விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. பையைக் குச்சியால் தரையில் வைத்து நசுக்கிவிட வேண்டும்.

ஃபனல்வெப்: நம் இடத்துக்கு நடந்து வருவது

இதைச் சரியாக அடையாளம் காண்பது கொஞ்சம் கடினம், ஏனெனில் கறுப்பாக இருக்கும் பல சிலந்திகளை மக்கள் இந்தப் பெயரால் அழைத்துவிடுகிறார்கள். உடலின் நீளம், கால்களைச் சேர்க்காமல், ஆணுக்கு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 3.5 சென்டிமீட்டர் வரை. தலையும் மார்பும் சேர்ந்த முன்பகுதியில் மயிர் கிடையாது. எண்ணெய்க்காப்புச் சார்த்திய கருங்கல் சிலை போல அது பளபளக்கும். வயிறு கருநீலமோ கரும்பழுப்போ கலந்து, மெல்லிய மயிர்ப்பூச்சுடன் ஒளி மங்கியிருக்கும். பின்முனையில் விரல்போல நீண்ட இரண்டு நூற்புறுப்புகள் தெரியும். பற்கள் பெரியவை, இடுக்கி போலப் பக்கவாட்டில் சேராமல், இரண்டும் இணையாகக் கீழ்நோக்கிக் குத்துபவை. ஆணின் இரண்டாம் இணைக் காலின் நடுவில் ஒரு முள் துருத்திக்கொண்டிருக்கும். ஆனால் அதைப் பார்க்கும் தூரத்துக்கு நீங்கள் போகவேண்டாம்.

பல சிலந்திகளில் பெண்தான் ஆபத்து. இதில் ஆணின் நஞ்சே பல மடங்கு கொடியது. அதன் நஞ்சு நரம்புகளை ஓயாமல் தூண்டிவிடும் வகையைச் சேர்ந்தது. விந்தை என்னவென்றால், மனிதரையும் குரங்கினத்தையும் வாட்டும் அந்த நஞ்சு நாய், பூனை, முயல்களைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. விஷமுறிவு மருந்தே முயல்களின் உடலில்தான் உருவாக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய நஞ்சை, சோமர்ஸ்பியில் உள்ள ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்காவில் சிலந்திகளின் பல்நுனியிலிருந்து துளித்துளியாக உறிஞ்சிச் சேகரிக்கிறார்கள்.

பெண் சிலந்தி ஆண்டுக்கணக்கில் தன் வளையிலேயே கிடக்கும். பாறை, மரக்கட்டை, அடர்ந்த புதர் இவற்றின் அடியில், ஈரமண்ணில் ஒரு துளை. துளையின் வாயைச் சுற்றி வெண்பட்டு விரிப்பு. அதிலிருந்து ஆரங்களைப்போல நாலாபுறமும் ஓடும் நூல்கள். இப்படி ஒன்றைத் தோட்டத்தில் கண்டால் குச்சியை விட்டுக் கிளறிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளிடமும் காட்டிச் சொல்லி வையுங்கள். ஆண் முதிர்ச்சியடைந்ததும் வளையைவிட்டு வெளியேறி, வெப்பமும் ஈரமும் கூடிய இரவுகளில் அலைகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்று இங்கே சொல்வார்கள். நம் கணக்கில் கார்த்திகை தொடங்கிப் பங்குனி முடிய என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதிலும் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் கூடுதல் கவனம் தேவை. விடிந்தபின் வெயிலில் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. உடல் ஈரம் வற்றிவிடும் என்பதால், கண்ணில் பட்ட இருட்டான, குளிர்ந்த பொந்துக்குள் நுழைந்துகொள்ளும். அந்தப் பொந்து சலவை அறையாக இருக்கலாம், தரையில் கிடக்கும் துணிக்குவியலாக இருக்கலாம், காலணியாகவும் இருக்கலாம்.

ஹார்ன்ஸ்பிப் பக்கம் குடிபெயர்ந்த இரண்டாம் ஆண்டு, பிப்ரவரி மாத மழைக்குப்பின், எங்கள் சலவை அறைத் தரையில் ஒன்றைக் கண்டேன். துடைப்பத்தின் நிழல் பட்டதுமே அது ஓடவில்லை. முன்கால்களை உயர்த்தி, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, பற்களை விரித்து அப்படியே நின்றது. பல்நுனியில் ஒரு துளி திரண்டிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஓட்டினா ஓடாம நிக்குதேடா இது?" என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே அடையாளம் இருக்கிறது. விரட்டினால் விரைந்து ஓடி மறைவது பெரும்பாலும் பாதகமற்ற சிலந்தி; எதிர்த்து நிற்பதிடம் நெருங்கக்கூடாது.

அன்று நான் செய்தது, வாயகன்ற ஊறுகாய்ப் பாட்டிலை அதன்மேல் கவிழ்த்து, மேலே கனமான அகராதி ஒன்றை வைத்ததுதான். ஃபனல்வெப்பால் கண்ணாடி, வழவழப்பான பிளாஸ்டிக் ஆகியவற்றில் ஏற முடியாது. கால்கள் வழுக்கி வழுக்கிக் கீழே விழுவதை உள்ளே பார்க்கலாம். கவிழ்த்தபின் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளை அழைக்கலாம். பழக்கமும் துணிவும் உள்ள பெரியவர்கள், நீண்ட அளவுகோலால் பாட்டிலுக்குள் தள்ளி, கொஞ்சம் ஈரமண் போட்டு, மூடியில் சிறு துளைகள் இட்டு, ஊர்வனப் பூங்காவின் ஒப்படைப்பு மையங்களில் கொடுப்பதும் உண்டு. பூங்காவே பொதுமக்களிடம் அப்படிக் கேட்கிறது. வந்து ஓராண்டு ஆகாதவர் அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

நீச்சல்குளம் உள்ள வீடானால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளத்தடியில் செத்துக் கிடப்பதாகத் தோன்றும் ஃபனல்வெப், உடல் மயிரில் காற்றுக்குமிழியைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு நாள் அளவுக்கும் உயிரோடு இருக்கக்கூடும். கையால் எடுக்காமல் வலைக்கரண்டியால் எடுக்க வேண்டும்.

காலணியை வாசலில் விடும் பழக்கம்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இதுதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவது நம் வழக்கம். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் மூடிய ஷூவை இரவெல்லாம் வாசற்படியில் விட்டுவைப்பது, ஃபனல்வெப் அலையும் பருவத்தில், நாமே பொந்து கட்டி வைப்பதற்குச் சமம். ஊரில் செருப்புத்தான், திறந்தது, உதறினால் போதும். இங்கோ குழந்தைகளின் பள்ளி ஷூ, ஓட்டப்பயிற்சி ஷூ, தோட்டத்து ரப்பர் பூட்ஸ் என்று எல்லாமே உள்ளே இருட்டும் மறைவும் கொண்டவை.

2017 பிப்ரவரியில் சிட்னிக்கு வடக்கே, சென்ட்ரல் கோஸ்ட் பகுதியில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனை, ஷூவுக்குள் பதுங்கியிருந்த ஃபனல்வெப் விரலில் கடித்தது. வீட்டார் சட்டையால் கட்டுப்போட்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். அவனைக் காப்பாற்ற 12 குப்பி விஷமுறிவு மருந்து செலுத்த வேண்டியிருந்தது. இரண்டு குப்பியில் தொடங்குவதுதான் வழக்கம். சிறுவன் நலமாக வீடு திரும்பினான்.

ஆகவே ஷூக்களுக்கான தட்டை வாசற்கதவுக்கு உட்புறமாக வையுங்கள். இடமில்லையென்றால், மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி வெளியில் வைத்து, அதற்குள் போடுங்கள். கோவிலுக்குப் போகும்போது, குறிப்பாக ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோவில் போலக் காட்டை ஒட்டிய இடங்களில், கழற்றிய காலணியை மறுபடி போடுமுன் தட்டிப் பாருங்கள். தட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஷூவைக் குதிகால் பக்கமாகப் பிடித்து, தரையில் பலமாக நாலைந்து தட்டு. பிறகு கவிழ்த்து உதறல். அதன்பின் கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தல். விரலை விட்டுத் துழாவுவது கூடாது. கால்நுனிப் பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிலந்தி ஓர் உதறலில் விழாது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படும் பிள்ளைகளுக்கு இதைப் பல் தேய்ப்பதுபோலப் பழக்கிவிட வேண்டும்.

காலணிக்குச் சொன்னதே துணிக்கும். கொல்லைப்புறக் கொடியில் காயும் துணியை இருட்டுமுன் எடுத்துவிடுங்கள். விட்டுப்போனால் காலையில் உதறி மடியுங்கள். குளியலறைத் தரையிலும் படுக்கைக்கு அருகிலும் துணியைக் குவித்து வைக்கும் வழக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலாவது நிற்கட்டும். போர்வை தரையில் புரளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாய் விரித்துத் தரையில் படுப்பவர்கள், காட்டோரத்து வீடானால், அந்த ஆறு மாதங்களுக்குக் கட்டிலுக்கு மாறிவிடுவது நல்லது. இருட்டில் வெறுங்காலோடு கொல்லைப்பக்கம் போகவேண்டாம்.

கதவுக்கும் தரைக்கும் இடையே ஐந்து ரூபாய் நாணயம் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அதன் வழியே ஃபனல்வெப் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவடியில் ஒட்டும் ரப்பர்ப் பட்டை அல்லது தூரிகைப் பட்டை பன்னிங்ஸ் போன்ற கடைகளில் கிடைக்கும். வாடகை வீடு என்றால் ஆணியடிக்காமல் ஒட்டும் வகையைப் பாருங்கள். சுவரை ஒட்டி விறகு, செங்கல், காய்ந்த இலைக்குவியல் வைக்காதீர்கள். மருந்து தெளிப்பதை மட்டும் நம்பி இவற்றையெல்லாம் விட்டுவிடக்கூடாது, ஏனெனில் மண்ணுக்கடியில் வளைக்குள் இருப்பதைச் சுவரில் தெளித்த மருந்து சென்று தொடுவதில்லை.

பெயர் கெட்டுப்போன மற்ற சிலந்திகள்

உள்ளங்கை அளவில், தட்டையாக, நண்டுபோல் கால் பரப்பிச் சுவரில் ஒட்டிக்கிடப்பது ஹண்ட்ஸ்மன். பார்த்தவுடன் அலற வைப்பது இதுதான். கெடுதல் மிகக் குறைந்ததும் இதுதான். கரப்பானைப் பிடித்துத் தின்னும். இதனால் வரும் உண்மையான ஆபத்து காருக்குள், வெயில்மறைப்புத் தட்டைக் கீழிறக்கும்போது மடியில் விழுந்து, ஓட்டுநர் பதறி வண்டியைத் திருப்பிவிடுவதுதான். அப்படி நேர்ந்தால் பார்வையைச் சாலையில் வைத்து, மெதுவாக ஓரங்கட்டி, இறங்கிவிடுங்கள்.

வைட்டெயில் எனப்படும் வெள்ளைவால் சிலந்தி கடித்தால் சதை அழுகும் என்று இங்கே பலரும் உறுதியாகச் சொல்வார்கள். 2003-இல் வெளியான ஆய்வொன்றில், இதுதான் கடித்தது என்று உறுதி செய்யப்பட்ட 130 பேரைக் கவனித்ததில் ஒருவருக்கும் அப்படிப் புண் அழுகவில்லை. நம் மொழியில் கட்டிக்கும் புண்ணுக்குமே சிலந்தி என்று ஒரு பெயர் இருக்கிறது. காரணம் தெரியாத புண்ணை இந்தப் பூச்சியின் தலையில் போடுவதில் இரு நாட்டாரும் ஒற்றுமை. ஆறாத புண் இருந்தால் சர்க்கரை நோய், நுண்ணுயிர்த் தொற்று போன்றவற்றுக்காக மருத்துவரைப் பாருங்கள்.

சன்னல் மூலையில் புகைபடிந்த சரிகைபோல வலை கட்டும் கறுப்பு வீட்டுச் சிலந்தியும் பெரிய தீங்கு செய்யாது. கடித்தால் வலிக்கும், அவ்வளவே. கூரை மூலையில் நூல்போன்ற கால்களோடு ஆடிக்கொண்டிருக்கும் சிலந்தி ரெட்பேக்கையே பிடித்துத் தின்னக்கூடியது. அதை நான் கலைப்பதில்லை. மவுஸ் ஸ்பைடர் என்று ஒன்று, குட்டையாக, தலை புடைத்து, ஃபனல்வெப்பைப் போலவே இருக்கும், பகலிலும் அலையும். நின்று ஆராய்ந்து வேறுபாடு காண வேண்டியதில்லை. சிட்னியில் பெரிய, கறுத்த, பளபளப்பான சிலந்தி எது கடித்தாலும் ஃபனல்வெப் கடித்ததாகவே கொண்டு முதலுதவி செய்ய வேண்டும் என்பது மருத்துவர்களே பின்பற்றும் விதி.

கடித்துவிட்டால்

பெரிய கறுப்புச் சிலந்தி என்றால் நொடியும் தாமதிக்கக்கூடாது. ஒருவர் 000 எண்ணை அழைத்து ஆம்புலன்ஸ் என்று சொல்லட்டும், மற்றவர் கட்டுப்போடட்டும். கடிபட்டவரை நடக்கவிடாமல் இருந்த இடத்திலேயே உட்கார அல்லது படுக்க வையுங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள கிரேப் பேண்டேஜை எடுத்து, முதலில் கடிவாயின்மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். இன்னொன்றை எடுத்து, விரல்நுனிக்குச் சற்று மேலிருந்து தொடங்கி, கையானால் அக்குள் வரையும் காலானால் தொடையிடுக்கு வரையும், முழுவதும் மூடும்படி சுற்றிக்கொண்டே போங்கள். சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம் போதும்; துணிக்கும் தோலுக்கும் நடுவே விரல் எளிதில் நுழையக்கூடாது, அதே வேளையில் விரல்நுனி நீலம் பாரிக்கவும் கூடாது. உடையைக் கழற்ற வேண்டாம், அதன்மேலேயே சுற்றலாம். பேண்டேஜ் இல்லையென்றால் சேலை, துப்பட்டா, வேட்டி எதையும் பட்டையாகக் கிழித்துச் சுற்றலாம். பிறகு மரக்கரண்டியோ குடையோ வைத்துக் கையைக் காலை அசையாமல் கட்டுங்கள். கடித்த இடத்தைக் கட்டின்மேல் பேனாவால் குறித்துவிடுங்கள். மருத்துவமனையில் அவர்களே அவிழ்க்கும்வரை கட்டை அவிழ்க்கக்கூடாது. இந்தக் கட்டுமுறையையும் உருவாக்கியவர் அதே சதர்லேண்ட்தான்.

உதட்டையும் நாக்கையும் சுற்றிக் கூச்சம், எச்சில் ஒழுகுதல், கண்ணீர், மயிர்க்கூச்செறிதல், வியர்வை, தசைத் துடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை நஞ்சு பரவுவதன் அடையாளங்கள். இவை வரும்வரை காத்திருந்து பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஆம்புலன்ஸ் கட்டணம் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேராது என்பதைக் கேள்விப்பட்டவர்கள் தயங்குவதுண்டு. அந்தக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரெட்பேக் கடித்தால் கட்டுப் போடாதீர்கள். அதன் நஞ்சு மெதுவாகப் பரவுவது. கட்டினால் வலிதான் கூடும். முதலில் ஊசி குத்தியதுபோல் இருந்து, ஒரு மணி நேரத்துக்குள் வலி ஏறும். கடித்த இடத்தைச் சுற்றி மட்டும் வியர்ப்பது இதன் தனி அடையாளம். கழுவிவிட்டு, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒரு தடவைக்கு இருபது நிமிடம் வரை வையுங்கள். 13 11 26 என்ற நச்சுத் தகவல் மையத்தை அழைத்தால் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும். வலி பொறுக்க முடியாமல் போனாலும், வாந்தியோ உடல் முழுதும் வியர்வையோ வந்தாலும், கடிபட்டவர் குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டுக்கும் பொதுவாகச் செய்யக்கூடாதவை: கயிறு கட்டி இறுக்குதல், பிளேடால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சுண்ணாம்போ மஞ்சளோ பூசி மூடுதல். சிலந்தியைப் பிடிக்க முயன்று இன்னொருவர் கடிபடவும் வேண்டாம். முடிந்தால் எட்ட நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருக்கும் மாதங்களில், பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். கிரேப் பேண்டேஜ் மூன்று வாங்கி, சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இழுப்பறையில் வைத்து, ஒருமுறை உங்கள் காலிலேயே அவர்களைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பெரிய எழுத்தில் நான்கு வரி எழுதி ஒட்டுங்கள்: 000, ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதிய வீட்டு முகவரி, "ஸ்பைடர் பைட்" என்ற சொல், "டமில் இன்டர்பிரட்டர்" என்ற சொல். அவசரமில்லாத ஐயங்களுக்கு 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். அதையும் அடியில் சேர்த்துவிடலாம்.